கோடைக் குறும்படப் பட்டறை: எங்கே கோளாறு, எதை முதலில் பார்ப்பது

ஏப்ரல், மே வந்துவிட்டால் பெங்களூரில் அடுக்ககம், பள்ளி, சங்கக் கட்டடம் என்று பல இடங்களில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் குறும்படப் பட்டறை நடக்கும். கையில் இருக்கும் கருவிகளும் ஏறக்குறைய ஒன்றுதான்: பிள்ளைகளின் செல்போன்கள், யாரோ ஒருவர் வீட்டு டிஎஸ்எல்ஆர், ஒன்றிரண்டு காலர் மைக், ஒரு எல்இடி பேனல், 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். "அக்கா, கேமரா ரிப்பேர்" என்று பிள்ளைகள் ஓடிவரும்போது கேமரா பெரும்பாலும் ரிப்பேர் ஆகியிருக்காது. ஒரு கருவியின் செட்டிங் இன்னொன்றோடு ஒத்துப்போயிருக்காது, அவ்வளவுதான். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசில்லாத சோதனை முன்னால் வருகிறது, காசு கேட்பது பின்னால் வருகிறது. வரிசையைத் தாண்டிக் கடைக்கு ஓட வேண்டாம்.

முதல் நாளே ஒரு சார்ட்டில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்: 1080பி, நொடிக்கு 25 ஃப்ரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், போன் படுக்கை வாட்டில். எல்லாக் குழுவுக்கும் இது ஒன்றே. 4கே வேண்டும் என்று கேட்கும் பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும். எடிட் செய்யப்போகும் லேப்டாப்பை அதனிடம் காட்டினால் போதும்.

## படத்தில் இருண்ட பட்டைகள் ஓடுகின்றன

வகுப்பறையில் எடுத்த ஷாட்டில் பட்டைகள் மெதுவாக மேலேறும், அல்லது வெளிச்சம் துடிக்கும். நேரில் பார்த்தால் விளக்கு ஒழுங்காக எரியும்.

முதலில் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்குகிறது என்பது. 1/50 என்றால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 1/60, 1/80, 1/125 எல்லாமே பட்டை போடும்.

*டிஎஸ்எல்ஆர் என்றால்:* கேனனில் மெனுவுக்குள் வீடியோ சிஸ்டம் என்று ஒன்று இருக்கும். அது என்டிஎஸ்சியில் (NTSC, 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) இருந்தால் பால் (PAL, நம்மைப் போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) என்று மாற்றுங்கள்; அப்போதுதான் 25 ஃப்ரேம் பட்டியலில் வரும். பிறகு மூவி எக்ஸ்போஷரை மேனுவல் ஆக்கி ஷட்டரை 1/50இல் வையுங்கள். மேனுவல் ஆக்காமல் டயலைத் திருகிக்கொண்டே இருப்பதுதான் அதிகம் நடக்கிறது.

*ஐபோன் என்றால்:* செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்டு வீடியோ, அதற்குள் ஷோ பால் ஃபார்மட்ஸ். அதை ஆன் செய்தால் 25 ஃப்ரேம் கிடைக்கும். ஷட்டரைப் பிடித்து வைக்க பிளாக்மேஜிக் கேமரா ஆப் இருக்கிறது, இலவசம்.

*ஆண்ட்ராய்டு என்றால்:* பல போன்களில் கேமரா செட்டிங்கில் ஆன்டி ஃப்ளிக்கர் அல்லது ஆன்டி பேண்டிங் என்று இருக்கும்; 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். சாம்சங்கில் ப்ரோ வீடியோவுக்குப் போய் ஷட்டரை நேரடியாக வைக்கலாம்.

ஷட்டர் சரி, இன்னும் துடிக்கிறது. எல்இடி பேனலைப் பாருங்கள். மலிவு பேனல்கள் டிம் செய்யும்போது அதிவேகமாக அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. குமிழை முழுதாக ஏற்றிவிட்டு, வெளிச்சம் அதிகமாக இருந்தால் ஸ்டாண்டைத் தள்ளி வையுங்கள், அல்லது முன்னால் வெள்ளை வேட்டித் துணியை ஓரடி இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள்.

ஃப்ரேமுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் திரை மட்டும் துடிக்கிறது. திரை பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஷாட்டுக்கு டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஷட்டரை 1/60இல் வைத்து எடுங்கள்.

ஸ்லோ மோஷன் ஷாட்டில் மட்டும் வருகிறது. 120 ஃப்ரேமில் எடுக்க ஷட்டர் 1/120க்குக் கீழே இறங்காது. டியூப் லைட்டின் கீழ் அதற்கு வழியில்லை. வெளியே போய் வெயிலில் எடுங்கள். வெயில் துடிக்காது, அங்கே ஷட்டரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். வெளியே 1/50ஐப் பிடித்துக்கொண்டு படம் வெளுத்துப்போகிறதே என்று தவிக்கவும் வேண்டாம்.

வெறும் கண்ணுக்கே துடிப்பது தெரிந்தாலோ, டியூபின் முனைகள் கறுத்திருந்தாலோ அது டியூப், சோக், வயரிங் சம்பந்தப்பட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளை ஏணியில் ஏற்றாதீர்கள்.

## சத்தம் சரியில்லை

பட்டறைப் படங்களைப் பார்ப்பவர்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்காவிட்டால் இரண்டாவது நிமிடமே போனை எடுத்துவிடுவார்கள். நேரம் இருப்பதை இங்கே செலவழியுங்கள்.

### ஒன்றுமே பதிவாகவில்லை, அல்லது மைக்கைத் தட்டினால் கேட்கவில்லை

மைக்கின் பிளக்கைக் கையில் எடுத்துக் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் என்றால் அது போனுக்கு. இரண்டு என்றால் கேமராவுக்கு. மாற்றிச் செருகினால் போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். திரையில் அளவு மீட்டர் ஆடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். அதனால் மீட்டரை நம்பாமல் காலர் மைக்கை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டல் பெரிதாகக் கேட்டால் மைக் உயிரோடு இருக்கிறது.

போயா பிஒய்-எம்1 போன்ற மைக்குகளில் சின்ன டப்பா ஒன்றும் அதில் ஒரு சுவிட்சும் இருக்கும். போனுக்கு ஒரு பக்கம், கேமராவுக்கு மறுபக்கம். கேமராப் பக்கம் தள்ளினால் உள்ளே எல்ஆர்44 பேட்டரி இருந்தாக வேண்டும். போனவருஷம் அணைக்காமல் பையில் போட்ட மைக்கில் பேட்டரி இறந்திருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், நாலைந்து வாங்கிவையுங்கள்.

ஆண்ட்ராய்டில் பிளக் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், போனோடு வந்த கேமரா ஆப் வெளி மைக்கைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். ஓபன் கேமரா ஆப்பில் வீடியோ செட்டிங்ஸுக்குள் ஆடியோ சோர்ஸ் என்பதில் எக்ஸ்டர்னல் மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். டைப்-சி அடாப்டர் போட்டிருந்தால் அது பாட்டு கேட்க மட்டும் உதவும் வகையாகவும் இருக்கலாம். எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது மைக்கையும் போனையும் கொண்டுபோய்க் கடையிலேயே பதிவு செய்து கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேனன் 1500டிதான் கையில் இருக்கிறதா? அதில் மைக் செருகும் துளையே கிடையாது. தேடிக் களைக்க வேண்டாம். காலர் மைக்கை ஒரு போனில் செருகி, நடிப்பவரின் சட்டைப்பையில் வைத்து, ஒலியைத் தனியாகப் பதியுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமராவுக்கு முன்னால் ஒரு கைதட்டல்.

### ஒரு காதில் மட்டும் கேட்கிறது

பிளக்கை முழுதாக அழுத்துங்கள். போன் உறை தடுத்து அரை மில்லிமீட்டர் வெளியே நிற்பது சகஜம், உறையைக் கழற்றிவிடுங்கள். ஏற்கனவே எடுத்தாகிவிட்டதா, கவலையில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட் மென்பொருளில் கிளிப்பை வலது கிளிக் செய்து கிளிப் ஆட்ரிப்யூட்ஸ், ஆடியோ என்று போய் மோனோ ஆக்கினால் இரண்டு காதிலும் வந்துவிடும்.

### "ம்ம்ம்" என்று அடியில் ஒரு முனகல்

மின்விசிறி, ஏசி, வாட்டர் கூலர், ஃபிரிட்ஜ். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு முறை கேளுங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை பால் திரிந்திருக்கும். முனகல் அப்படியே இருந்தால் சார்ஜரில் போட்டுக்கொண்டே பதிவு செய்கிறார்களா என்று பாருங்கள். சார்ஜரை உருவினால் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கும் நிற்காவிட்டால் மைக் வயரை மின்வயரிலிருந்து விலக்கி வையுங்கள். இரண்டும் குறுக்கே வெட்டலாம், பக்கத்திலேயே நீளமாக ஓடக் கூடாது.

### சத்தம் போடும் இடத்தில் கரகரவென்று உடைகிறது

அளவு அதிகம். உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது, ஆகவே இதை எடுக்கும்போதே பிடிக்க வேண்டும். ஒத்திகையில் மெதுவாகப் பேசும் பிள்ளை டேக்கில் கத்தும். அதனால் "படத்தில் எப்படிக் கத்துவாயோ அப்படியே கத்து" என்று சொல்லி, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள். ஆட்டோ லெவலை அணையுங்கள். பேச்சு நின்றதும் அது அறையின் இரைச்சலைத் தூக்கிக் காட்டும்.

துணி உரசும் சரசரப்பும் இதுபோலவே கேட்கும். இடத்தைப் பாருங்கள்: காலர் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும், துப்பட்டாவும் சங்கிலியும் படக் கூடாது. வயரை ஒரு வளையமாகச் சுற்றி மருத்துவ டேப்பால் ஒட்டினால் இழுபடாது.

### விட்டுவிட்டு அறுந்து கேட்கிறது

வயர்லெஸ் மைக் என்றால் மட்டும் இது. மலிவானவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில், வைஃபையும் புளூடூத்தும் ஓடும் அதே அலைவரிசையில் ஓடுபவை. முப்பது பிள்ளைகளின் போனும் அறைக்குள் இருந்தால் அறுபடத்தான் செய்யும். நடிக்காத எல்லாரும் ஃப்ளைட் மோடுக்குப் போகட்டும், ஹாட்ஸ்பாட்டுகள் அணையட்டும். டிரான்ஸ்மிட்டரை முதுகுப் பக்கம் சொருகினால் உடம்பே அலையை மறைத்துவிடும். கேமராவைப் பார்க்கும் பக்கம் வையுங்கள். சார்ஜும் பாருங்கள்.

### கிணற்றுக்குள் பேசுவதுபோல் எதிரொலிக்கிறது

மைக் தூரத்தில் இருக்கிறது, அறை காலியாக இருக்கிறது. மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோவது இலவசம். அதை முதலில் செய்யுங்கள். அடுத்தது ஜமுக்காளம், போர்வை, மெத்தை: தரையில் ஒன்று, நடிப்பவருக்கு எதிர்ச் சுவரில் ஒன்று. காசு கொடுத்து வாங்கும் ஃபோம் அட்டைகள் இந்த வேலைக்குத் தேவையில்லை.

### ஷாட் மாறும்போது பின்னணிச் சத்தமும் தாவுகிறது

கோடையில் பெங்களூர்க் குயில் விடியலிலேயே தொடங்கிவிடும். ஒரு ஷாட்டில் குயில், அடுத்ததில் ஹார்ன், அதற்கடுத்ததில் எச்ஏஎல் விமான நிலையப் பக்கத்திலிருந்து ஹெலிகாப்டர். நடப்பதென்னவோ ஒரே உரையாடல். ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் வெறும் ஒலியைப் பதியுங்கள். எடிட்டில் அதைக் காட்சி முழுவதற்கும் அடியில் விரித்தால் தாவல் மறையும். விமானம் போகும்போது டேக்கை நிறுத்துங்கள். தொடர்வதால் மிச்சமாவது எதுவும் இல்லை. இந்திராநகர், முருகேஷ்பாளையா பக்கம் படமெடுப்பவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று வேறு கருவிகளில் மாற்றி மாற்றிச் செருகியும் ஒரு மைக் ஊமையாகவே இருந்தால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. மலிவு காலர் மைக்கை சால்டர் செய்யும் கூலிக்குப் புதிதே வந்துவிடும். கேமராவின் மைக் துளை ஆடினால் மட்டும் சர்வீஸ் சென்டர்.

## உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

முதல் கேள்வி: நீங்கள் எதில் கேட்கிறீர்கள்? புளூடூத் இயர்பட்ஸ் என்றால் கழற்றிவிட்டு வயர் ஹெட்போனில் கேளுங்கள். ஒலி தாமதமாக வருவது இயர்பட்ஸால், படம் ஒழுங்காகவே இருக்கும். ஒழுங்காக இருந்த படத்தை இயர்பட்ஸை நம்பி நகர்த்திக் கெடுத்த குழுக்கள் உண்டு.

தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருக்கிறது. கைதட்டல் இருக்கும் ஃப்ரேமையும் ஒலி அலையில் அந்தக் கூர்முனையையும் நேர்ப்படுத்துங்கள். முடிந்தது. கைதட்டவில்லையா, "ப", "ம" என்று உதடு மூடித் திறக்கும் இடத்தைத் தேடுங்கள். இன்னொன்று: கேமரா மைக்கிலேயே தூரத்திலிருந்து பதிந்தால் ஒலி வந்து சேரவே நேரமெடுக்கும். ஏறத்தாழ 14 மீட்டருக்கு ஒரு ஃப்ரேம், 25 ஃப்ரேம் கணக்கில்.

தொடக்கத்தில் சரி, போகப்போக விலகுகிறது. செல்போன் வீடியோ என்றால் அதன் ஃப்ரேம் வேகம் நிலையாக இருக்காது; வெளிச்சம் குறைந்தால் போனே குறைத்துக்கொள்ளும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃப்ரேம் ரேட் மோடு வேரியபிள் என்று காட்டும். கோப்பை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு, வீடியோ பக்கத்தில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்டைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை மூலக் கோப்புக்கு நெருங்கிய எண்ணாக வைத்து (25இல் எடுத்தால் 25, 30இல் எடுத்தால் 30), தரத்தை ஆர்எஃப் 18இல் வைத்து மாற்றுங்கள். மாற்றிய கோப்பைத்தான் எடிட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பாதி எடிட் முடிந்தபின் மாற்றினால் வெட்டுகள் இடம் மாறும். அதனால் கார்டிலிருந்து இறக்கியவுடனே செய்துவிடுங்கள்.

தனியாகப் பதிந்த ஒலி விலகினால் அதன் கிலோஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். 44.1இல் இருந்தால் 48க்கு மாற்றிக்கொள்ளுங்கள். பொதுவாக மென்பொருளே சமாளித்துவிடும். சமாளிக்காதபோது குரல் கீச்சென்றோ கட்டையாகவோ மாறியிருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டும் சரியாக இருந்தும் நீளமான பேட்டியில் ஓரிரு ஃப்ரேம் விலகினால், இரண்டு கருவியின் உள் கடிகாரமும் துளி வேறுபடுகிறது. நடுவில் ஓரிடத்தில் ஒலியை வெட்டி நகர்த்திவிடுங்கள். டேக்கை ஐந்து நிமிடத்துக்குள் வைத்தால் இது வரவே வராது.

## முகம் மங்கல், பின்சுவர் துல்லியம்

லென்ஸைத் துடையுங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் ஷாட்டுகளில் பாதிக்கு இதுதான் காரணம். பிறகு போனில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஏஇ/ஏஎஃப் லாக் (வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்வது) வரவையுங்கள். டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கண் இமையில் ஃபோகஸ் வைத்துவிட்டு லென்ஸின் சுவிட்சை எம்எஃப் (மேனுவல் ஃபோகஸ்) பக்கம் தள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் மூட்டம்போல் தெரிந்தால் அது ஈரம். பைக்குள்ளேயே கால் மணி நேரம் வைத்தால் விலகும். துணியால் தேய்க்க வேண்டாம்.

லென்ஸுக்குள்ளே வலைபோல் பூஞ்சை தெரிந்தால், அல்லது எம்எஃப் வளையம் கரகரவென்று இழுத்தால், நீங்கள் திறக்கக் கூடாது. சர்வீஸ் சென்டர்.

## ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறுகிறது

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். அணைத்து, வெயிலில் 5600 கெல்வின், மஞ்சள் பல்பில் 3200 என்று பூட்டுங்கள். ஒரே அறையில் வெள்ளை டியூபும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தால் எந்த எண்ணும் உதவாது. ஒன்றை அணைக்க வேண்டும்.

ஐபோன் கிளிப் மட்டும் எடிட்டில் கண்கூசும்படி வெளுத்திருந்தால் அது எச்டிஆர். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் ரெக்கார்டு வீடியோவுக்குள் எச்டிஆர் வீடியோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். படப்பிடிப்புக்கு முன்பே அணையுங்கள்.

## பதிவு நடுவில் தானாக நின்றுவிடுகிறது

நின்றது எப்போது என்று கேளுங்கள், காரணம் அதிலேயே கிடைக்கும்.

*சில நொடியில்:* கார்டு மெதுவானது. மேலே வி30 அல்லது யூ3 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வி30 என்றால் குறைந்தது நொடிக்கு 30 எம்பி எழுதும். அச்சு இருந்தும் நின்றால் போலி கார்டாக இருக்கலாம். காலியாக்கிவிட்டு விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 ஓட்டுங்கள். 64 ஜிபி என்று விற்றது 8 ஜிபியாக இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

*அழைப்பு வந்ததும்:* போன் ஃப்ளைட் மோடில் இல்லை.

*பத்துப் பதினைந்து நிமிடத்தில், போன் சுடுகிறது:* வெயிலிலிருந்து எடுங்கள், உறையைக் கழற்றுங்கள், 4கே என்றால் 1080க்கு இறங்குங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, உள்ளே நீர் கோக்கும்.

*29 நிமிடம் 59 நொடியில்:* பழுதில்லை. பல டிஎஸ்எல்ஆர்களின் உச்ச வரம்பே அதுதான். மறுபடி பட்டனை அழுத்துங்கள்.

*இடம் நிறைந்தது என்கிறது:* போனில் 1080, 30 ஃப்ரேம் நிமிடத்துக்கு 130 எம்பி வரை போகும். டிஎஸ்எல்ஆரில் 340 வரை. 32 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

பேட்டரி உப்பியிருந்தால், கேமராவிலிருந்து எடுக்க வராமல் இறுகியிருந்தால், அத்தோடு நிறுத்துங்கள். நெம்பவோ குத்தவோ கூடாது, சார்ஜில் போடவும் கூடாது. அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

## எடுத்த கிளிப்பைக் காணோம்

இந்த ஒரு கோளாறில் மட்டும் செய்வதைவிடச் செய்யாமலிருப்பது முக்கியம். கார்டை உடனே வெளியே எடுத்துப் பக்கவாட்டுப் பூட்டை கீழே தள்ளுங்கள். அதில் இன்னொரு ஷாட் எடுக்கக் கூடாது. "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல்.

பிறகு வேறு ரீடர், வேறு லேப்டாப். ரீடர் பழுதாக இருப்பது கார்டு பழுதாக இருப்பதைவிட அதிகம். கார்டு தெரிகிறது, கோப்பு இல்லை என்றால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டதை அதே கார்டில் எழுதாமல் லேப்டாப்பில் எழுதுங்கள். புகைப்படங்கள் எளிதாக வரும், வீடியோ துண்டுதுண்டாக வரலாம்.

கோப்பு இருக்கிறது, அளவும் இருக்கிறது, திறக்க மட்டும் மறுக்கிறதா? பதிவின் நடுவில் பேட்டரி கழன்றிருக்கும். எம்பி4, எம்ஓவி கோப்புகளில் அட்டவணை பல கேமராக்களில் கடைசியில்தான் எழுதப்படும், அது விடுபட்டிருக்கிறது. அன்டிரங்க் என்ற மென்பொருளில், அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

எந்த ரீடரிலும் கார்டு தெரியவில்லை, உள்ளே இருப்பது திரும்ப எடுக்க முடியாத காட்சி என்றால்தான் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் போக வேண்டும். அவர்கள் கேட்கும் தொகைக்கு ஒரு நாள் ஷூட்டிங்கையே திரும்ப நடத்திவிடலாம் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளிப்புகளைக் குழுவுக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாகுமென்ட் என்று இணைத்து அனுப்ப வேண்டும். கேலரியிலிருந்து அனுப்பினால் நசுங்கிப்போன படம்தான் போய்ச்சேரும்.

## எடிட்டில் திக்கித் திணறுகிறது, அல்லது சிவப்புத் திரை

சிவப்பில் மீடியா ஆஃப்லைன் என்று வந்தால் கோப்பு அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. கார்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேரடியாக இழுத்துப்போட்டு எடிட் செய்துவிட்டு அதை உருவிக்கொண்டு போயிருப்பார்கள். லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் எல்லாவற்றையும் இறக்கி, ரீலிங்க் செய்யுங்கள். இன்னொரு லேப்டாப்புக்கு மாற்றுவதாக இருந்தால் ரிசால்வில் ப்ராஜெக்ட் ஆர்க்கைவாக எடுங்கள். வெறும் ப்ராஜெக்ட் கோப்பில் வீடியோ இருக்காது.

திக்கினால் ரிசால்வின் ப்ளேபேக் மெனுவில் டைம்லைன் ரெசல்யூஷனை ஹாஃப், பிறகு குவார்ட்டர் ஆக்குங்கள். போதவில்லை என்றால் இரவில் ப்ராக்ஸி மீடியாவை (எடிட்டுக்கான இலகுவான பிரதிகளை) உருவாக்கவிட்டு வீட்டுக்குப் போங்கள். அதற்கும் அசையாவிட்டால் கெடன்லைவ் போன்ற இலகுவான மென்பொருளுக்கு மாறுவது, லேப்டாப்புக்கு ரேம் போடுவதைவிட மலிவு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி, 8 ஜிபியை 16 ஆக்குவது. பழக்கமில்லாதவர்கள் கடைக்காரரையே மாட்டித்தரச் சொல்லுங்கள்.

ரிசால்வ் புது ப்ராஜெக்ட்டை 24 ஃப்ரேமில் திறக்கும். கிளிப்பைப் போடும் முன் 25 ஆக்குங்கள். டைம்லைன் உருவானபின் மாற்ற விடாது.

## தமிழ் எழுத்து உடைகிறது

*கட்டம் கட்டமாக வருகிறது:* எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், அதை நிறுவுங்கள். துணைத்தலைப்பில் கன்னடமும் வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் கன்னடமும்.

*எழுத்து வருகிறது, கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றன:* "கொஞ்சம் பொறு" என்று அடித்தது "க", பிறகு ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கும் கொம்பு, "ஞ"வுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு புள்ளி என்று சிதறியிருக்கும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் தீராது, ஏனென்றால் கோளாறு மென்பொருளின் எழுத்துக் கோக்கும் பகுதியில். ப்ரீமியரில் ப்ரெஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் போய் சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படி வசதி இல்லாத ஆப்களில் மல்லுக்கட்ட வேண்டாம்: இங்க்ஸ்கேப்பிலோ கேன்வாவிலோ 1920க்கு 1080 அளவில் பின்னணி இல்லாத பிஎன்ஜியாக டைட்டிலை உருவாக்கி, வீடியோவின் மேல் அடுக்கில் போடுங்கள்.

*ஆங்கில எழுத்துகளாகக் குழம்பி வருகிறது:* பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்குங்கள்.

*எல்லாமே கேள்விக்குறி:* எஸ்ஆர்டி என்ற துணைத்தலைப்புக் கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று இல்லை. திருப்பிக் கொண்டுவர முடியாது, மறுபடி தட்ட வேண்டும்.

பெங்களூரில் வளரும் பிள்ளைகள் பலர் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், படிக்கத் தடுமாறுவார்கள். வசனத்தை ஆங்கில எழுத்தில்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் திரையில் ஏறும் ஒவ்வொரு வரியையும் தமிழ் படித்த ஒரு பெரியவர் சரிபார்க்க வேண்டும். பெயர்ப்பட்டியலில் ஒரு பிள்ளையின் பெயர் தப்பாகப் போனால் அந்த வீட்டில் படத்தைப் பற்றிய பேச்சே அதுவாகிவிடும்.

## வெளியே படமெடுக்க விடவில்லை

கப்பன் பார்க்கும் லால்பாகும் தோட்டக்கலைத் துறையின் கீழ் வருபவை. போனைக் கையில் பிடித்து எடுத்தபோது கவனிக்காத காவலர், ட்ரைபாடு விரிந்ததும் வருவார். எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் அடுக்கக மொட்டைமாடி. நம்ம மெட்ரோ ரயிலிலும் நிலையத்திலும் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. அல்சூர் ஏரிக்கரையில் எடுக்கும்போது ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வளாகம் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். வெளிப்புறத்தைக் காலை பத்துக்குள் முடியுங்கள். மே மாதத்து மழை மாலையில் எந்த நாளும் இடியோடு இறங்கலாம்.

பிள்ளைகளின் முகம் வரும் எதையும் இணையத்தில் ஏற்றும் முன் பெற்றோரின் கையெழுத்து கையில் இருக்க வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு ஏற்றினால் யூடியூப் உரிமைக் கோரிக்கை வரும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இருந்து எடுங்கள்.

## திரையிடும் நாளில்

*புரொஜெக்டரில் படம் வருகிறது, சத்தம் இல்லை:* எச்டிஎம்ஐ செருகியதும் விண்டோஸ் ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். ஸ்பீக்கர் ஐகானைக் கிளிக் செய்து லேப்டாப்பின் ஹெட்போன் வெளியீட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வயர்.

*வயர் செருகியதும் உறுமுகிறது:* லேப்டாப் சார்ஜரை உருவிப் பாருங்கள். நின்றால் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், அல்லது நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (உறுமலைத் தடுக்கும் சின்னக் கருவி) போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் ஆள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். கேட்காதீர்கள், ஷாக் அடிக்கும். உறுமல் தீரவில்லை என்றால் ஆடியோக்காரரைக் கூப்பிடுங்கள்.

*படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது:* எக்ஸ்போர்ட்டில் பிட்ரேட் குறைவு. 1080க்கு எச்.264, 10 முதல் 16 மெகாபிட். வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்பையே ஓட்டுகிறார்களா என்றும் பாருங்கள்.

*இரவுக் காட்சியில் ஒன்றும் தெரியவில்லை:* ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. அதற்கும் பிறகு தெரியாவிட்டால் புரொஜெக்டரின் மோடை மாற்றுங்கள், படத்தை அல்ல.

எல்லாப் படத்தையும் ஒரே பென் டிரைவில் இறக்கி, இரண்டாவது ஒன்றிலும் பிரதி வைத்து, முந்தின நாள் மாலையே அதே அறையில், அதே லேப்டாப்பில் ஒவ்வொன்றின் முதல் ஒரு நிமிடத்தையும் கடைசி ஒரு நிமிடத்தையும் ஓட்டுங்கள். அப்போது ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். பேச்சு அங்கே புரியவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையரில் பேஸைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.